கை வை என்றால் வைகையா? குறுக்கெழுத்து, சிலேடை, சொல்லின் வேர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலை ஆறு மணிக்கு ஒரு குறிப்பு போடுவேன். எட்டு மணிக்குள் சித்தி விடை சொல்லிவிடுவார். ஒன்பது மணிக்கு யாராவது சண்டைக்கு வருவார்கள். உறவும் நட்புமாக நாற்பது பேர் இருக்கும் எங்கள் வாட்ஸப் குழுவில் சில வருடங்களாக இதுதான் வழக்கம். கேட்ட கேள்வியே திரும்பத் திரும்ப வருவதால், பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்துக்கும் நீங்கள் போடுவதற்கும் என்ன வித்தியாசம்?

வார இணைப்பிதழில் "ஒரு விலங்கு (3)" என்று வரும். குதிரையா, கழுதையா, முயலா என்பதைக் குறுக்கே வரும் எழுத்துதான் முடிவு செய்யும். என் குறிப்பில் இரண்டு பாதி உண்டு. ஒரு பாதி விடையின் பொருளைச் சொல்லும். மறுபாதி, விடையின் எழுத்துகளை எங்கிருந்து எடுத்து எப்படிக் கோப்பது என்ற செய்முறை. இரண்டும் சேர்ந்து, சம்பந்தமே இல்லாத ஒரு மூன்றாவது விஷயத்தைப் பேசுவதுபோல நடிக்கும்.

ஒரு சாம்பிள்:

புகழ்மிகு திரைப்படத்துக்குள் பந்தயத்தில் ஓடும் (3)

படித்தவுடன் சினிமா நினைவுக்கு வர வேண்டும் என்பதுதான் சதி. "புகழ்மிகு திரைப்படம்" என்பதை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். உள்ளே குதிரை நிற்கிறது. "பந்தயத்தில் ஓடும்" என்பது பொருள், "உள்ளே" என்பது செய்முறை. முடிவில் இருக்கும் 3, விடையில் எத்தனை எழுத்து என்பதற்கு. முதல் நாள் இதற்கு ஒருவர் நான்கு நடிகர்களின் பெயரை அனுப்பினார்.

எழுத்து என்றால் எதை எண்ணுவது? "தாமரை" மூன்றா ஐந்தா?

மூன்று. தா, ம, ரை. கைபேசியும் கணினியும் இதை ஐந்தாகச் சேமிக்கின்றன (த, கால், ம, ர, ஐகாரக் குறி); அதனால் ஆங்கிலத்துக்குச் செய்த புதிர்ச் செயலிகளில் தமிழைப் போட்டால் துணைக்கால் தனிக் கட்டத்தில் அனாதையாக நிற்கும். நமக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இதில் எதுவானாலும் ஒரு கட்டம். "கொ" எழுத மூன்று உருவம் தேவைப்பட்டாலும் ஒரு கட்டம்தான். புள்ளி வைத்த எழுத்துக்கும் ஒரு முழுக் கட்டம் உண்டு.

இந்தக் கணக்கு நான் வைத்ததல்ல. திருஞானசம்பந்தர் சீர்காழியின் மேல் பாடிய மாலைமாற்றுப் பதிகம் "யாமாமாநீ யாமாமா" என்று தொடங்கும். பின்னாலிருந்து படித்தாலும் அதே பாட்டு. உயிர்மெய்யை ஒரே எழுத்தாக வைத்துத் திருப்பினால்தான் அது சரியாக வரும். விகடகவிக்கும் அதே கணக்குதான்.

நம் ஊர்க் கட்டங்களில் மட்டும் ஏன் "வலமிருந்து இடம்", "கீழிருந்து மேல்" எல்லாம் வருகிறது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. ஆங்கிலக் கட்டத்தில் இரண்டே திசை: இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். தமிழில் நான்கு. பலர் இதைக் கட்டம் போடுபவரின் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், முதல் கட்டத்தை நானே போட்டுப் பார்க்கும் வரை.

மேல் வரிசையில் "மரம்" என்று எழுதுகிறீர்கள். வலது மூலையில் "ம்". அங்கிருந்து கீழே ஒரு சொல் இறங்க வேண்டும். தமிழில் மெய்யெழுத்தில் தொடங்கும் சொல்லே கிடையாது. மாட்டிக்கொண்டீர்கள். அதே மூலையில் ஒரு சொல் முடியலாம் என்று வைத்தால்? கீழிருந்து மேலே "பாடம்" ஏறி வந்து "ம்"மில் இறங்கிவிடும். ம், ன், ள், ல், ர் என்று மெய்யில் முடியும் சொற்கள் நம்மிடம் ஏராளம். அவற்றுக்கெல்லாம் இதுதான் வாசல். ழ, ள, ண, ன போன்றவையும் சொல்லின் முதலில் வராது என்பதைச் சேர்த்துக்கொண்டால், நான்கு திசையும் திறந்திருப்பது எவ்வளவு நிம்மதி என்று புரியும்.

என்னென்ன வித்தைகள் செய்வீர்கள்? பட்டியல் கொடுத்தால் தயாராகிவிடுவோம்.

ஒளித்து வைப்பதைப் பார்த்தோம். அடுத்தது ஒட்டுவது. "நிறைய கரம் சேர்ந்தால் தச்சருக்கு ஆகும் (3)" என்றால் பல + கை = பலகை. குழந்தைகள்கூடப் போட்டுவிடுவார்கள்.

திருப்புவது கொஞ்சம் கஷ்டம். தமிழ்ச் சொல்லைத் திருப்பினால் பெரும்பாலும் வாயில் நுழையாத ஏதோ ஒன்றுதான் வரும். "குருவி"யைத் திருப்பினால் "விருகு". அதனால்தான் "திரும்பிக் கை வை, மதுரையில் ஓடும் (2)" என்பது அகப்பட்ட நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கை வை, வைகை. இந்த வைகை கீழே மறுபடி வரும்.

தலையைக் கிள்ளுவது இன்னொன்று: "கவலையின் தலையை எடு, மீன் பிடிக்கலாம் (2)". வலை.

இரு பொருள் குறிப்பில் வித்தை எதுவுமே இருக்காது. ஒரே விடைக்கு இரண்டு மூன்று பொருளை அடுக்கிவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். "வாரத்தில் ஒன்று, வருடத்தில் பன்னிரண்டு, வானத்தில் ஒன்றே ஒன்று (4)". கிழமை, மாதம், நிலா, மூன்றும் திங்கள். பார்க்க எளிது, எழுதத்தான் நாளாகும்.

"கால் ஒடிந்த பால் கடிக்கும்" என்று போட்டீர்களே, அது நியாயமா?

நியாயம்தான். "பா"வில் இருக்கும் "ா" குறிக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் சொல்லிக் கொடுத்தார்கள்? துணைக்கால். பாலின் காலை ஒடித்தால் பல். பல் கடிக்கும். சித்தி அன்று அடுப்பில் பால் வைத்துவிட்டுக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். விடையும் கிடைத்தது, பாலும் பொங்கிவிட்டது.

கால், கொம்பு, விலங்கு, சுழி, புள்ளி என்று நம் எழுத்தின் உறுப்புகளுக்கு உயிருள்ள பெயர்கள் இருக்கின்றன. கொம்பு முளைக்கும், புள்ளி விழும், விலங்கு பூட்டலாம். ஆங்கிலப் புதிர்க்காரருக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. இதைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் அநியாயம்.

இதெல்லாம் ஆங்கிலேயரிடம் கற்றுக்கொண்டதுதானே?

கட்டம் வெளியிலிருந்து வந்தது. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் போட்டதுதான் முதல் குறுக்கெழுத்து. அவர் லிவர்பூலில் பிறந்தவர். கட்டம் வைர வடிவில் இருந்தது. கறுப்புச் சதுரம் கிடையாது. பிறகு 1920களில் இங்கிலாந்துக்காரர்கள் அதற்குள் சொல் விளையாட்டைப் புகுத்தினார்கள். லண்டன் டைம்ஸ் 1930இல்தான் தொடங்கியது.

சொல்லை உடைத்து விளையாடுவதை மட்டும் யாரும் நமக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. தொல்காப்பியம் பாட்டு, உரை என்று அடுக்கும் ஏழு வகையில் பிசியும் ஒன்று. பிசி என்றால் விடுகதை. தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என்று இரண்டாகப் பிரிக்கிறது. சொல் உடையாமலே இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை, உடைத்தால்தான் பொருள் மாறும் என்றால் பிரிமொழிச் சிலேடை. என் "திங்கள்" முதல் வகை, "பலகை" இரண்டாம் வகைக்குப் பக்கத்து வீடு.

இந்தக் கலையின் பெரியப்பா காளமேகம். பாம்புக்கும் எள்ளுக்கும் சேர்த்து அவர் பாடிய வெண்பாவில், இரண்டும் ஆடிக் குடத்தில் அடையும், ஆடும்போது இரையும், மூடித் திறந்தால் முகம் காட்டும். பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் போகிறது. எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்துக்குள் போகிறது. திறந்தால் பாம்பு தலையை நீட்டும்; எண்ணெயில் நம் முகம் தெரியும். கடைசியில் ஒரு வெடி: இரண்டுக்கும் "பிண்ணாக்கு" உண்டு. எள்ளுக்குப் பிண்ணாக்கு. பாம்புக்குப் பிளந்த நாக்கு.

நம் காலத்துக்குப் பக்கத்தில் கி.வா.ஜகந்நாதனைச் சொல்வார்கள். உப்புமா தொண்டையில் குத்துகிறது என்று ஒருவர் சொல்ல, "ஊசியிருக்கிறது, குத்தாதா?" என்றாராம்.

அப்படியானால் சொல்லை இப்படி உடைத்தால் அதன் மூலமும் கிடைத்துவிடுமே?

கிடைக்காது. இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன்.

வைகைக்கு வருவோம். மீனாட்சி கல்யாணத்தில் மிச்சமான சோற்றையெல்லாம் தின்றுவிட்டுக் குண்டோதரன் தாகத்தில் தவித்தானாம். சிவபெருமான் "கை வை" என்றாராம், வைத்த இடத்தில் ஆறு பெருகி வைகை ஆனதாம். கதை அழகு. என் குறிப்பில் இருக்கும் அதே வித்தைதான் இதிலும் இருக்கிறது. ஆனால் சிலப்பதிகாரமும் பரிபாடலும் அந்த ஆற்றைச் சொல்லும் பெயர் வையை. அதில் கையே இல்லை. "கை" பின்னால் வந்தது. பெயரில் கை வந்த பிறகுதான் கதையும் வந்திருக்க முடியும்.

பிண்ணாக்கும் அப்படித்தான். காளமேகம் அதற்குள் ஒரு நாக்கைக் கண்டுபிடித்தார். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி அந்தச் சொல்லைப் பிண்யாகம் என்ற வடசொல்லிலிருந்து காட்டுகிறது. நாக்குக்கும் அதற்கும் உறவில்லை. காளமேகம் சிலேடை பாடினாரே தவிர அகராதி எழுதவில்லை. அவர் மேல் தப்பில்லை. சிலேடையை அகராதியாக எடுத்துக்கொள்வதுதான் வம்பு.

தேங்காயைத் "தேன் + காய்" என்று பிரித்து அனுப்புவது மாதம் ஒருமுறை எனக்கு வருகிறது. தென்னைக்குப் பழைய பெயர் தெங்கு. தெங்கோடு காய் சேரும்போது முதலெழுத்து நீண்டு, கடைசி எழுத்து கெட்டுத் தேங்காய் ஆகும் என்று இந்த ஒரு சொல்லுக்காகவே நன்னூலில் விதி இருக்கிறது.

பிறகு எதை நம்புவது?

குறுக்கெழுத்தில் உங்கள் விடை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? குறுக்கே வரும் சொல்லின் எழுத்தோடு பொருந்த வேண்டும். சொற்பிறப்பிலும் அப்படிக் குறுக்கே வரும் சாட்சி வேண்டும்: பழைய நூலில் அந்தச் சொல் எந்த உருவத்தில் இருந்தது, மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அதன் உடன்பிறப்பு எப்படி இருக்கிறது, அதே மாற்றம் வேறு சொற்களிலும் நடந்திருக்கிறதா.

வேடிக்கை என்னவென்றால், புதிரில் நான் செய்யும் தில்லுமுல்லு எல்லாவற்றையும் மொழியே செய்திருக்கிறது. தலையைக் கிள்ளுவதைப் பாருங்கள். யாறு ஆறாயிற்று, யாடு ஆடாயிற்று, யாண்டு ஆண்டாயிற்று, யாமை ஆமையாயிற்று. ஆமை மட்டும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டதென்று வைத்துக்கொள்ளலாம். எழுத்து இடம் மாறுவதும் உண்டு: தசை சதையானது, விசிறிக்குச் சிவிறி என்று இன்னோர் உருவம் இருக்கிறது. ஒரே மாற்றம் பல சொற்களில் வரிசையாக நிகழ்வதால் இவற்றை நம்புகிறோம். வைகைக்கு அப்படித் துணை யாரும் இல்லை.

அன்றாடச் சொற்களில் உடைத்தால் நிஜமாகவே மூலம் தெரிபவை உண்டா?

நிறைய. சமையலறையிலேயே தொடங்கலாம்.

தண்ணீர் என்பது தண் + நீர், குளிர்ந்த நீர். அதைச் சுட வைத்துச் "சுடுதண்ணி" என்கிறோம். சுடுகின்ற குளிர்ந்த நீர்! காலையில் அண்டாவைத் தூக்கி வைக்கும் யாருக்கும் இது உறைப்பதில்லை. எண்ணெய் என்பது எள் + நெய். ஆகவே தேங்காய் எண்ணெயில் எள் இருக்கிறது, கடலை எண்ணெயில் எள் இருக்கிறது, மண்ணெண்ணெயில்கூட எள்ளும் நெய்யும் இருக்கின்றன, பெயரளவில். எண்ணெய் என்ற சொல்லை எல்லாரும் எடுத்துக்கொண்டதால், எள்ளிலிருந்து வந்ததற்கு "நல்ல" என்று ஒரு பட்டம் கொடுத்து நல்லெண்ணெய் ஆக்க வேண்டியதாயிற்று. காளமேகத்தின் குடத்தில் இருந்ததும் இதுதான்.

நண்பகலில் நண்பன் இல்லை. நள் என்றால் நடு. நள்ளிரவிலும் அதே நள். முந்தானை என்பது முன் + தானை, தானை என்றால் துணி. கண்ணாடியில் இருக்கும் ஆடியும் ஆடி மாதமல்ல, முகம் பார்க்கும் ஆடி. நாற்காலி தனக்குத்தானே ஒரு விடுகதை: நான்கு கால் உண்டு, நடக்காது.

ஜன்னல், சாவி எல்லாம் தமிழா? கட்டத்தில் போடலாமா?

வந்தது போர்த்துக்கீசியத்திலிருந்து. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, பேனா, கொய்யா என்று அந்த வண்டியில் வந்த சரக்கு ஏராளம். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு கடற்கரையில் நடந்த வியாபாரமும் மதப்பணியும் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தவை. யாழ்ப்பாணத்தில் இன்னும் கூடுதல்: செருப்புக் கடையில் சப்பாத்து, உட்கார வாங்கு, நிலம் தோண்ட அலவாங்கு. அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தர் கந்தோரை (அலுவலகம்) விட்டுப் போனார்கள். நம் துட்டும் கக்கூசும் ஒல்லாந்தர் கைங்கரியமே.

கட்டத்தில் தாராளமாகப் போடுவேன். வீட்டில் ஜன்னலைத் திற என்று சொல்லிவிட்டுக் கட்டத்தில் மட்டும் சாளரம் கேட்பது எனக்கு ஒட்டவில்லை.

இந்தக் கூட்டத்தில் எனக்குச் செல்லம் "ஏலம்". போர்த்துக்கீசியர் லெய்லாவ் என்றார்கள். தமிழில் லகரத்தில் சொல் தொடங்கும் பழக்கம் இல்லை. தலை போய் ஏலம் நின்றது. ஏற்கெனவே வாசனைக்கு ஓர் ஏலம் நம்மிடம் இருந்தது. இரண்டும் சேர்ந்து எனக்கு ஒரு குறிப்பு கொடுத்தன: "வாசனைப் பொருளைக் கூவி விற்கிறார்கள் (3)". போடிநாயக்கனூர்க்காரர் ஒருவர் உடனே எழுதினார், "இதில் என்ன புதிர்? எங்கள் ஊரில் ஏலத்தைத்தானே ஏலம் விடுகிறோம்!"

ஆங்கிலத்தின் "கேஷ்" நம் காசிலிருந்து வந்ததுதானே?

ஆமாம், இல்லை, இரண்டும். ஆங்கிலத்தில் அந்த உச்சரிப்பில் இரண்டு சொல் இருக்கிறது. ரொக்கத்தைக் குறிப்பது பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் பணப்பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஆனது. அதற்கும் நமக்கும் தொடர்பில்லை. ஆனால் தென்னிந்தியச் சிறு நாணயத்தையும், நடுவில் துளையிட்ட சீனச் செப்புக் காசையும் ஐரோப்பியர் அழைத்த இன்னொரு "கேஷ்" உண்டு. அது காசுதான், போர்த்துக்கீசியர் வாய் வழியாகப் போனது. பெருமைப்பட வேண்டுமானால் இந்த இரண்டாவதற்குப் படுங்கள். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் சந்தேகமில்லாமல் ஆங்கிலத்தில் ஏறியவை. மிளகுத்தண்ணீர் அங்கே போய் இறைச்சி சூப்பாக மாறிவிட்டது, அது வேறு வருத்தம்.

பழமொழிகளில் "மண்குதிரை" அல்ல "மண் குதிர்", "ஆயிரம் பேரை" அல்ல "ஆயிரம் வேரை" என்கிறார்களே?

குறிப்பு எழுதுபவன் என்ற முறையில் இவற்றை ரசிக்கிறேன். ஓரெழுத்தை மாற்றிப் பொருளைத் தலைகீழாக்குவது நல்ல கைவேலை. ஆனால் அனுப்புகிறவரிடம், அந்தப் "பழைய" உருவம் எந்த நூலில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோதெல்லாம் வணக்கம் வைக்கும் கைப்படம்தான் பதிலாக வந்தது. மண்குதிரை ஆற்றில் கரையும் என்பது தெளிவாகத்தானே இருக்கிறது? அதைத் திருத்த என்ன அவசியம்?

கரி, கறி மாதிரி ஒலி ஒன்றுபோல வருவதை வைத்துக் குறிப்பு போடலாமே?

போடுவதில்லை. சென்னையில் ஒன்றாக ஒலிப்பது நாகர்கோவிலில் வேறாக ஒலிக்கும். ஒருமுறை போட்டு நெல்லைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நானும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். எங்கே தொடங்குவது?

விடையிலிருந்து. குறிப்பிலிருந்து தொடங்கினால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு சொல்லை எடுத்து எழுத்து எழுத்தாக எழுதுங்கள், திருப்புங்கள், தலையை மூடுங்கள், காலை ஒடியுங்கள். ஒளித்து வைப்பதாக இருந்தால் சந்தியைக் கவனியுங்கள். "புகழ்மிகு திரைப்படம்" வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது, அதனால் குதிரை பிழைத்தது. "புகழ்மிகு" என்பதற்குப் பதில் "புகழ்மிக்க" என்று போட்டால்கூட எல்லாம் கலைந்துவிடும்.

கையில் அகராதி வேண்டும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) இன்னொரு புதையல். அதன் நான்கு பகுதிகளில் ஒன்று தொடையகராதி, எதுகை பார்த்துச் சொற்களை அடுக்கியது. கவிஞர்களுக்காகச் செய்தது, கட்டத்தில் இரண்டாம் எழுத்து மட்டும் தெரிந்த நிலையில் விழிப்பவருக்கும் உதவும்.

நேற்றுப் போட்ட நான்குக்கும் விடை?

கால் முளைத்த படம் பள்ளிக்கூடத்தில் (3): பாடம்.

ராதா மரைக்காயர் நடுவே மலர்ந்தது (3): தாமரை. "ராதா மரைக்காயர்".

திருவாளர் வாசம் வீசினால் மேளம் கொட்டும் (5): திரு + மணம்.

நம்ம குடம் கொஞ்சம் குறைந்தாலும் ராஜா தலைக்கு ஏறும் (4): இதற்கு மட்டும் சித்தி இன்னும் பதில் சொல்லவில்லை. நாளை காலை ஆறு மணி வரை பொறுங்கள்.